சுகர் பார்க்கப் போன இடத்தில் செருப்புக்கு இடமில்லை

லண்டனிலிருந்து மதுரைக்குப் போனால் அம்மாவை சுகர் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. வருஷம் முழுக்க அண்ணன்தான் அலைகிறான், அந்தக் கொஞ்ச நாளாவது அவனுக்கு லீவு. இந்த முறை போனது வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம்.

வைத்தியத்தில் குறை சொல்ல மாட்டேன். காலையில் ரத்தம் கொடுத்தோம், மதியம் ரிசல்ட்டோடு டாக்டரையே பார்த்துவிட்டோம். லண்டனில் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரின் அப்பாயின்ட்மென்டுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். என் வருத்தமெல்லாம் ஓ.பி. கட்டடத்தின் மேல்தான்.

வாசலில் பலகை: 'காலணிகளை வெளியே விடவும்'. சர்க்கரை நோயாளிகள் வருகிற பிரிவு அது! கால் மரத்துப்போனவர்கள் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள், முள் குத்தினாலும் தெரியாது என்று உள்ளே சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்க வெறுங்காலோடுதான் போக வேண்டும். அம்மா, சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கு ஏற்ற மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போடுகிறவர். செக்யூரிட்டி, "எல்லாரும் கழட்டிட்டுத்தாம்மா போறாங்க" என்று சொல்ல, அம்மாவும் கழற்றிவிட்டார். அப்போதுதான் துடைத்த டைல்ஸ் தரை, ஈரம் காயவில்லை. நர்ஸிடம் கேட்டேன். "தரை அழுக்காகுதுன்னு மேனேஜர் போர்டு வைக்கச் சொன்னாருக்கா" என்றார். வாசலில் நல்ல மிதியடி ஒன்று போட்டுவிட்டு, அடிக்கடி துடைக்க ஓர் ஆளையும் வைத்தால் தீர்கிற விஷயம்.

அப்புறம் அந்த இரண்டு மணி நேரம். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. இங்கிலாந்தில் வழக்கமான செக்கப்புக்கு மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்ப்பதே பெரும்பாலும் போதும், பட்டினி கிடக்க வேண்டாம். நம்மூரில் இரண்டு முறை ரத்தம் எடுப்பது வழக்கம் என்றால், அந்த இடைவேளையை மனதில் வைத்துத்தானே கட்ட வேண்டும்? "எங்கடி போய் உக்காருறது?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று மூன்றாகச் சேர்த்த எஃகு நாற்காலிகள், ஓரத்து இருக்கைக்கு மட்டும்தான் கைப்பிடி. மூட்டு வலிக்காரர் எதைப் பிடித்து எழுந்திருப்பார்? கூட வந்த மகனும் மருமகளும் ஓரத்தைப் பிடித்துவிட, நோயாளிகள் நடுவில். கழிவறை மாடியில். சர்க்கரை நோயாளிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பது டாக்டருக்குத் தெரியும், பிளான் போட்டவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

ஜன்னல்களை எல்லாம் அடைத்து ஸ்பிலிட் ஏசி போட்டிருந்தார்கள். அது உள்ளே இருக்கிற காற்றையே திருப்பித் திருப்பிக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. பக்கத்தில் ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். புறநோயாளிகள் பகுதியில் இயற்கைக் காற்றோட்டம் என்றால் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே சொல்லியிருக்கிறது. உயரமான கூரையும் நீள வராண்டாவுமாக இருந்த பழைய ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் அந்த வகையில் தேவலை.

நர்ஸுகள் பாடு இன்னும் மோசம். டோக்கன் திரை கெட்டுப்போனதால் டாக்டர் அறை வாசலில் நின்றபடி ஒரு பெண் தொண்டை கிழியப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை. ஃபைலை இடுப்பில் வைத்து எழுதினார். சாப்பாடு, ஸ்டோர் ரூமில் குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது. மதியத்துக்கு மேல் அந்தப் பெண் ஒரு பெரியவர்மேல் எரிந்து விழுந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

கண்ணுக்கு மட்டும் அரவிந்துக்குத்தான் போவோம். 1976-இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கியது. அங்கேயும் கூட்டம்தான். ஆனால் பார்வை சோதனை, கண் அழுத்தம் எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற பெண்கள் படிப்படியாக முடித்த பிறகுதான் டாக்டரிடம் போகிறோம். ஒரே கதவுக்கு முன்னால் ஊரே முண்டியடிக்க வேண்டியதில்லை. எனக்கு இது ஏசியைவிடப் பெரிய வசதி.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சுத்தமான ஒரு ஜோடி செருப்பைத் தனியாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "இது உள்ளே மட்டும் போடுறது" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இரண்டு மணி நேரக் கணக்கு முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து, கை கழுவியதிலிருந்து இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விடுகிற நாளென்றால் கருப்புக் கண்ணாடி கொண்டுபோங்கள், திரும்பும்போது ஆட்டோ பிடித்துவிடுங்கள்.