4,800 ரூபாய், 12 வகுப்பு, ரெண்டு ஆரஞ்சு வளையம்: கோடை நீச்சல் கேம்ப்பில் சேர்க்குறதுக்கு முன்னாடி படிங்க

"ரீஃபண்ட் பாலிசியில் இடமில்லை"ன்னு அரை மணி நேரம் முன்னாடிதான் மெசேஜ் வந்தது. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

பிள்ளைகளுக்கு வகுப்பு புக் பண்ற ஒரு ஆப். அது வழியா, அபார்ட்மென்ட் குளத்தை வாடகைக்கு எடுத்து நடத்துற ஒரு கேம்ப். 12 வகுப்புக்கு 4,800 ரூபாய், முழுசும் முன்பணம். 5 பிள்ளைக்கு ஒரு கோச்னு ஆப்பில் போட்டிருந்தது. தண்ணியில 19 பேர், ஒரே கோச். அவரும் பாதி நேரம் கரையில விசிலோட.

நம்ப வச்சது முதல் நாள் வந்த வீடியோ. எங்க ஆறு வயசுப் பொண்ணு, ரெண்டு புஜத்திலும் காத்தடிச்ச ஆரஞ்சு வளையம், குளத்தோட அகலத்தையே கடந்துட்டா. "பார்த்தீங்களா, பயமே இல்ல, பத்து நாள்ல கழட்டிடலாம்." சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பியாச்சு. இப்போ நிறுத்தி நிறுத்திப் பார்த்தா ஏமாத்து தெரியுது: தலை நிமிர்ந்திருக்கு, முகம் ஒரு தடவைகூட நனையல, கால் சைக்கிள் மிதிக்குது. மிதக்குறது வளையம். பிள்ளை அதுல தொங்குது.

புஜத்துல காத்து இருந்தா தோள் மேலே நிக்கும், இடுப்பும் காலும் கீழ இறங்கும். மூழ்குற பிள்ளையோட நிலையும் அதேதான். நாள் தவறாம பழக்கினது அதைத்தான். முதல்ல மூக்கால குமிழி விடணும், அப்புறம் முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சுக் குப்புற மிதக்கணும், மல்லாக்க மிதக்கணும், சுவரை உதைச்சு வழுக்கணும். கால் அடிக்கிறது அதுக்கப்புறம். இதுல ஒண்ணுகூட நடக்கல. கிணத்துல முதுகுல சுரைக்குடுக்கை கட்டி இறக்கின தாத்தாக்களுக்கு இது தெரியும்: உடம்பு படுக்கும், கை ரெண்டும் நீந்த சும்மா இருக்கும்.

11-ஆம் நாள் வளையத்தைக் கழட்டினாங்க. நாலடித் தண்ணி. சத்தமே இல்ல. தலை பின்னால சாஞ்சு, வாய் தண்ணி மட்டத்துல ஏறி இறங்குது, கை ரெண்டும் பக்கவாட்டுல தண்ணியை அமுக்குது. அந்த நேரத்துல கத்த மூச்சு இருக்காது, கையாட்டிக் கூப்பிடவும் வராது. பார்த்துத் தூக்கினது இன்னொரு பிள்ளையோட அம்மா. கோச் சொன்னது: "தண்ணி குடிச்சாத்தான் நீச்சல் வரும்."

கேம்ப்காரர்: "பணம் ஆப்புக்குத்தானே போச்சு, அங்க கேளுங்க." ஆப்: "வகுப்பின் தரத்துக்கு நடத்துபவரே பொறுப்பு." புகாரை மூணு தடவை மூடிட்டு 200 ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்காங்க. 4,800 போன இடத்துல 200, அதையும் அவங்ககிட்டயேதான் செலவழிக்கணும்!

கவனிக்க வேண்டியதை விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. முழுப் பணம் கட்டாதீங்க. ஒரு வகுப்பைக் கரையில உட்கார்ந்து பாருங்க, தலையை எண்ணுங்க. ஆழமான பக்கத்துல அடியில இருக்கிற வடிகால் மூடி தெளிவா தெரியலன்னா இறக்காதீங்க. மூழ்கி மூச்சு நின்ன பிள்ளையைத் தலைகீழாத் தூக்கி வயித்தை அமுக்காதீங்க, முதல்ல வாயோட வாய் வச்சு ஊதணும், கூட இருக்கிறவங்க 108-ஐக் கூப்பிடட்டும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன். 4,800 ரூபாய்ங்க. லைன் இன்னும் கிடைக்கல.