ஏ.இ.சி. பரிசோதனை: புழுவைக் காட்டிக்கொடுக்குமா?

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை இயோசினோஃபில் (ஒருவகை வெள்ளையணு) என்று எண்ணிச் சொல்வதுதான் ஏ.இ.சி. (ஆப்சல்யூட் இயோசினோஃபில் கவுன்ட்). பூச்சி இருக்கிறதா என்று பார்க்க எழுதித் தரப்படும் சோதனைகளில் இதுவும் ஒன்று. புழு திசுக்களைத் துளைத்துக்கொண்டு திரியும்போது நன்றாகவே துப்புக் கொடுக்கும். குடலோடு அடங்கிவிட்ட புழுவுக்கு இதை நம்பி உட்காரக் கூடாது.

பாக்டீரியாவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு விழுங்கிவிடும். புழுவை விழுங்க எந்த வெள்ளையணுவுக்கும் வாய் போதாது. அதனால் புழுவின் மேல்தோலில் ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ள, அதைப் பற்றி இயோசினோஃபில்கள் படிந்து, மேஜர் பேசிக் புரோட்டீன் போன்ற நச்சுப் புரதங்களை அதன் மேல் கொட்டுகின்றன. இயோசினோஃபில்களை எலும்பு மஜ்ஜையில் பெருக வைப்பது, டிஎச்2 லிம்ஃபோசைட்டுகள் (இன்னொரு வகை வெள்ளையணு) போன்றவை சுரக்கும் ஐஎல்-5 என்ற சமிக்ஞைப் புரதம். (கண்ணாடிக் குழாயில் லார்வாவை, அதாவது இளம்புழுவை, கொல்லும் இதே அணு, சுண்டெலித் தசையில் ட்ரைக்கினெல்லா என்ற புழுவின் லார்வா பிழைத்திருக்க உதவுவதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. எதிரி என்று ஒரே முத்திரை குத்திவிட முடியாது.)

லார்வா திசுவுக்குள் நகரும்போதுதான் இந்தப் பெருக்கம் பலமாக நடக்கும். உருண்டைப்புழுவின் லார்வா நுரையீரல் வழியே போகும் நாட்களில் எண்ணிக்கை எகிறும். அப்போது மலத்தில் முட்டையே இருக்காது. முட்டை வரத் தொடங்கும் நேரத்தில் எண்ணிக்கை இறங்கியிருக்கலாம். நூற்புழு, வளர்ந்த நாடாப்புழு இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இயல்பாகவே வரும். ஜியார்டியாவும் குடல் அமீபாவும் புழுவே அல்ல, அவற்றுக்கு ஏறாது.

வழக்கமான அளவு சுமார் 40 முதல் 440. 500-ஐத் தாண்டினால் மிகுதி, 1500-க்கு மேல் நடுத்தரம், 5000-க்கு மேல் தீவிரம். ஆஸ்துமா, ஒவ்வாமை, சில மருந்துகள் ஆகியவையும் ஏற்றிவிடும்.

எண்ணும் முறையைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெள்ளையணுக்களை மூன்று வகையாக மட்டும் பிரிக்கும் த்ரீ-பார்ட் மெஷின் இயோசினோஃபிலைத் தனியாகப் பிரிக்காது. ஐந்து வகையாகப் பிரிக்கும் ஃபைவ்-பார்ட் மெஷின் வேண்டும். ஸ்லைடில் 100 வெள்ளையணு பார்த்து 5% என்று எழுதினால், உண்மை 1-லிருந்து 12% வரை எங்கும் இருக்கலாம். கையால் எண்ணும் டங்கர் திரவ முறையில் ரத்தத்தை 10 மடங்கு நீர்க்கச் செய்து, நியூபார் சேம்பர் என்ற கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடியின் ஒன்பது பெரிய கட்டங்களையும் எண்ணி 11.1-ஆல் பெருக்குவார்கள். அத்திரவத்தில் உள்ள தண்ணீர் மற்ற அணுக்களை உடைக்கும், அசிட்டோன் இயோசினோஃபிலைக் காக்கும். ஆனால் அரை மணிக்கு மேல் வைத்தால் அதுவும் உடைந்து, குறைவான எண் வரும்.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். காலையில் குறைவு, இரவில் அதிகம்; மறுபடி எடுத்தால் அதே வேளையில் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் கடும் பாக்டீரியா தொற்றும் எண்ணிக்கையை அமுக்கிவிடும்.

மதிப்பெண்: திசுப் புழுவுக்கு ஐந்துக்கு நான்கு, குடல் புழு இல்லை என்று உறுதி சொல்ல ஒன்று. அந்த உறுதிக்கு வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மல மாதிரிகளே மேல். நூற்புழுவுக்கு மட்டும் காலையில் கழுவும் முன் ஆசனவாயில் ஒட்டி எடுக்கும் டேப். காரணம் தெரியாமல் எண்ணிக்கை ஏறியிருந்தால், ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஸ்ட்ராஞ்ஜிலாய்டிஸ் என்ற புழு இல்லை என்று பார்த்துவிட வேண்டும். ஸ்டீராய்டில் அந்தப் புழு உடலெங்கும் பெருகி உயிரையே பறிக்கக்கூடும். அந்தக் கட்டத்தில் ஏ.இ.சி. இயல்பாகவே காட்டிக்கொண்டிருக்கலாம்.