சோரியாசிஸுக்கு எது உதவும்: பத்தியமா, கோதுமை விலக்கா, எடைக் குறைப்பா?

திருநெல்வேலிப் பக்கம் ஒருவருக்கு சோரியாசிஸ் என்று தெரிந்ததுமே சாப்பாட்டு யோசனைகள் நாலா பக்கமிருந்தும் வந்து குவிந்துவிடும். வீட்டு ஆச்சி, "கத்திரிக்காயத் தொடாத, ஊறலெடுக்கும்" என்பார். சென்னையில் வேலை பார்க்கும் மச்சான் கோதுமையை நிறுத்தச் சொல்லி வீடியோ அனுப்புவார். தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "வெயிட்டைக் குறைங்க" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார். மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மோர்ச்சோற்றோடு வாழ்க்கையை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. மூன்றும் ஒரே தரம் இல்லை. எடை கூடியவர்களுக்கு டாக்டர் சொன்ன அந்த ஒரு வரிதான் மற்ற இரண்டையும்விட உறுதியானது.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. தோலின் செல்கள் அடியில் உருவாகி மேலே வந்து உதிர வழக்கமாக ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் முடுக்கிவிடுவதால் அது சில நாட்களிலேயே நடந்து, செதில் செதிலாகக் குவிகிறது. யாருக்கும் ஒட்டாது. அடக்கி வைக்கலாம், அடியோடு ஒழிக்கும் சாப்பாடு எதுவும் கிடையாது.

முதலில் பத்தியம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமான வழி இல்லை. காளாஞ்சகப்படை என்ற பெயரில் சித்த மருத்துவம் இந்த நோயைப் பார்க்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறுமே, அந்தத் தைலத்தைத் தடவச் சொல்லி, கூடவே புளி, கத்திரிக்காய், மீன், கருவாடு, சில சமயம் கம்பு, சோளம் எல்லாவற்றையும் விலக்கச் சொல்வார்கள். சாராயமும் புகையும் கூடாது என்பதும் அதில் சேர்த்தி. என் கணக்கில் பத்தியத்தின் பெரிய லாபம் இந்தக் கடைசி இரண்டில்தான் இருக்கிறது. குடியும் புகையும் இந்த நோயைக் கிளப்பிவிடும் என்பதில் அலோபதி டாக்டர்களும் ஒத்துப்போகிறார்கள். சோரியாசிஸுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறவர் குடித்தால் ஈரலுக்குக் கூடுதல் ஆபத்து.

கத்திரிக்காய்க்கும் புளிக்கும் அப்படி ஒரு பலமான சான்று இல்லை. தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தவர் விட்டுவிடலாம், நஷ்டமில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், வைத்தியர் மருந்து சாப்பிடும் காலத்துக்கென்று சொன்னதை வீட்டில் ஆயுள் தண்டனை ஆக்கிவிடுகிறார்கள். மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். உவரி, கூத்தங்குழி கரைகளில் வந்து இறங்கும் சாளையில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. மீன் எண்ணெய் மாத்திரை சோரியாசிஸைக் குறைக்குமா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதற்காக இவ்வளவு மலிவான நல்ல புரதத்தை வருஷக்கணக்கில் தட்டை விட்டுத் தள்ளுவது சரியில்லை. சித்த மருத்துவம் பார்ப்பதானால், பத்தியம் எந்த நாள் வரை என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது கோதுமை. வெளிநாட்டு வீடியோக்களில் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் வில்லன். அமெரிக்க தேசிய சோரியாசிஸ் அமைப்பின் மருத்துவக் குழு 2018இல் வெளியிட்ட பரிந்துரை, ரத்தப் பரிசோதனையில் குளூட்டன் ஒவ்வாமைக்கான அடையாளம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே குளூட்டன் விலக்கைச் சொல்கிறது. கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோய், வட இந்தியாவோடு ஒப்பிட்டால் நம் பக்கம் மிகவும் குறைவு. 2016இல் வந்த ஆய்வில் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் இருந்தது, தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. சந்தேகம் இருந்தால் சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் டிடிஜி ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு லேபுக்குப் போனால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும்.

பரிசோதனையில் இருப்பதாகத் தெரிந்தால் முழுசாக விலக்க வேண்டும், பாதி விலக்கு உதவாது. இட்லி, ஆப்பம், இடியாப்பம், சொதி, உளுந்தஞ்சோறு என்று இருக்கும் ஊரில் இது பெரிய கஷ்டமில்லைதான். ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும், சாம்பார் வழியே உள்ளே போய்விடும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். அல்வாவுக்குக் கோதுமையை ஊற வைத்து ஆட்டிப் பாலெடுக்கும்போது பசையான சக்கை தனியே போகும், என்றாலும் பாலில் குளூட்டன் மிச்சம் இருக்கும்.

கோதுமையை விட்டதும் குணமானது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. புரோட்டா, சால்னா, அல்வா, பேக்கரி பிஸ்கட் எல்லாம் ஒரே வீச்சில் நின்றுபோனால் எடை இறங்கத்தானே செய்யும்? இன்னொன்று வெயில். நிறையப் பேருக்கு மார்கழிக் குளிரில் கூடும் படை பங்குனி, சித்திரை வெயிலில் தானே அடங்கும். தை மாதம் கோதுமையையோ புளியையோ நிறுத்தியவர் சித்திரையில் தோலைப் பார்த்து, சாப்பாட்டுக்குப் பாராட்டுக் கொடுத்துவிடுகிறார்.

இனி எடை. வயிற்றுக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. விலை உயர்ந்த சோரியாசிஸ் ஊசிகளில் சில அடக்குவதும் இதே டிஎன்எஃப்பைத்தான். இத்தாலியில் எடை கூடிய 303 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2014இல் வெளியானது. எல்லோருக்கும் மருந்து தொடர்ந்தது. ஒரு பாதிக்கு 20 வாரம் அளவுச் சாப்பாடும் உடற்பயிற்சியும், மறுபாதிக்கு வெறும் அறிவுரை. முதல் குழுவில் நோயின் தீவிரம் 48 சதவீதம் இறங்கியது, மற்றதில் 25.5 சதவீதம். மருந்து அதே மருந்துதான் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் இதை எப்படிச் செய்வது? தேங்காய்ப்பால் சொதியை விசேஷத்துக்கு வைத்துக்கொண்டு, ராத்திரிப் புரோட்டாவையும் சாயங்கால வடை, மிக்சரையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. மதியம் சோற்றைப் பாதியாக்கி அவியலையும் கீரையையும் கூட்டுங்கள், சாளையைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். இந்தியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல். இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை. ஒல்லியானவர்களுக்கு இந்த வழியால் லாபமில்லை, அவர்கள் மெலியக் கூடாது. சந்தேகப்படும் பண்டத்தை ஒவ்வொன்றாக ஒரு மாதம் நிறுத்தி, திரும்பச் சேர்த்து, குறித்துப் பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று விட்டால் படை பழையதைவிட மூர்க்கமாகத் திரும்பும், சிலருக்குச் சீழ்க் கொப்புளமாக உடம்பெங்கும் பரவும். பேர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதை நிறுத்தும்போதும் இதே கதைதான். காலையில் விரல்கள் மடக்க வராமல் விறைத்தாலோ, குதிகால் விடாமல் வலித்தாலோ நோய் மூட்டுக்குப் போயிருக்கலாம். அப்போது சாப்பாட்டு ஆராய்ச்சியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கோ வேறு தோல் டாக்டரிடமோ போய்விடுங்கள். மூட்டு ஒருமுறை கோணிவிட்டால் நிமிர்த்துவது கடினம்.