கதவைத் தட்டியவர் யார் என்று கேட்கும் கருத்துக்கணிப்பு: ஆஃப்ரோபாரோமீட்டர் தரவுச் சேவை

ஆஃப்ரோபாரோமீட்டர் என்ற ஆய்வு வலையமைப்பு, ஆப்பிரிக்க நாடுகளில் தான் நடத்தும் கருத்துக்கணிப்புகளின் தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அரசியல் அறிவியல் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வுமுறை கற்பிப்பவன் என்ற முறையில் சில பருவங்களாக இந்தச் சேவையை வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். போரிலிருந்து மீளும் நாடுகளில் மக்கள் அரசை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை அறிய விரும்பும் ஒருவருக்கு இது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை, நான் அதிகம் புரட்டிய, மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தரவை முன்வைத்துச் சொல்கிறேன்.

லைபீரியாவைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் 1997-ஆம் ஆண்டுத் தேர்தல். 1989-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் ஓய்ந்ததுபோல் தோன்றிய அந்த இடைவெளியில், போரைத் தொடங்கி வைத்த சார்ல்ஸ் டெய்லரே அதிபர் பதவிக்குப் போட்டியிட்டு ஏறத்தாழ 75 சதவீத வாக்குகளைப் பெற்றார். “அவர் என் அம்மாவைக் கொன்றார், என் அப்பாவைக் கொன்றார், ஆனாலும் அவருக்கே என் வாக்கு” என்பது அவருடைய ஆதரவாளர்கள் தெருவில் எழுப்பிய முழக்கம். தோற்றால் அவர் மீண்டும் துப்பாக்கியைத் தூக்குவார் என்ற அச்சம் அந்த வாக்குகளில் எவ்வளவு இருந்தது, விருப்பம் எவ்வளவு இருந்தது என்பதை வாக்குப்பெட்டி சொல்லாது. போர் 1999-இல் மறுபடி மூண்டு, 2003 ஆகஸ்டில் கானாவின் தலைநகர் அக்ராவில் கையெழுத்தான உடன்படிக்கையோடுதான் முடிந்தது. இத்தகைய நாட்டில் ஒருவர் வீடு வீடாகப் போய் “அதிபரை நம்புகிறீர்களா?” என்று கேட்டு வாங்கி வரும் விடைக்கு என்ன மதிப்பு என்ற ஐயத்தோடுதான் நான் இந்தச் சேவைக்குள் நுழைந்தேன்.

பயன்படுத்துவது எளிது. நாட்டையும், சுற்றையும் (அதாவது எந்த முறை எடுத்த கணிப்பு என்பதையும்), கேள்வியையும் தேர்ந்தெடுத்தால் அட்டவணை வந்துவிடும். ஆண் பெண், நகரம் கிராமம், வயது என்று பிரித்தும் பார்க்கலாம். ஆழமாகப் போக வேண்டுமானால் முழுத் தரவுத் தொகுப்பை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளின் வடிவக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்த மென்பொருளை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை, இலவசமாகக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருளிலும் அது திறக்கும். கூடவே கிடைக்கும் வினாத்தாளையும் குறியீட்டு விளக்கத்தையும் படிக்காமல் அட்டவணைக்குத் தாவுகிறவர்கள் இந்தச் சேவையின் பாதிப் பயனை இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

என்னை உண்மையில் கவர்ந்தது களப்பணியின் கையேடு. ஒரு நாட்டில் 1,200 அல்லது 2,400 பேரை நேரில் சந்தித்து, அவர்கள் விரும்பும் மொழியில் கேட்கிறார்கள். தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வட்டாரத்திலும் எட்டுப் பேர். நான்கு நேர்காணலர்கள் ஓரிடத்தில் நின்று, ஒருவர் சூரியனை நோக்கியும், ஒருவர் அதற்கு எதிர்த்திசையிலும், மற்ற இருவர் இரு பக்கவாட்டிலுமாக நடக்கத் தொடங்க வேண்டும். எத்தனையாவது வீட்டில் நிற்பது என்பதை அன்றைய தேதியின் இலக்கங்களைக் கூட்டி முடிவு செய்கிறார்கள். 14-ஆம் தேதி என்றால் ஐந்து. நம் ஊர் எண்சோதிடர் பிறந்த தேதியைக் கூட்டுவது போலத்தான் இருக்கிறது என்று வகுப்பில் சிரித்தார்கள். ஆனால் இதன் நோக்கம் சோதிடத்துக்கு நேர் எதிரானது: பழக்கப்பட்ட வீட்டையோ, வசதியான வீட்டையோ, ஊர்ப் பெரியவர் கைகாட்டும் வீட்டையோ நேர்காணலர் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. வீட்டுக்குள்ளும் கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிட முடியாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி வரவேண்டும். அதற்குள் யார் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். போர்க்காலத்தில் அந்நியர் ஒருவர் வந்து வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் அதற்கு வேறு பொருள் இருந்திருக்கும். அதே மக்களிடம் அதே கேள்வியோடு போவதற்கு இவ்வளவு சடங்கு தேவைதான்.

நம்பிக்கை பற்றிய கேள்வி அதிபர், நாடாளுமன்றம், தேர்தல் ஆணையம், நீதிமன்றம், காவல்துறை, இராணுவம் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அறவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிகவும் என்ற நான்கு படிகளில் விடை கேட்கிறது. இதைத் தமிழாக்கும் பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுத்தபோது ஒரு சிக்கல் வெளிப்பட்டது. ‘அரசின் மீது உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?’ என்று எழுதினால் ‘இனியாவது நல்லது நடக்கும்’ என்ற எதிர்பார்ப்பும் அதற்குள் ஏறிக்கொள்கிறது; ‘அரசை நம்புகிறீர்களா?’ என்றால் ஏமாற்றிவிடுமா என்ற கணக்கு முன்னால் வருகிறது. போர் முடிந்த நாட்டில் இவ்விரண்டும் எதிர்த்திசையில் ஓடக்கூடியவை. லைபீரிய ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் கேட்கப்படும்போது இந்த வேறுபாடு எப்படிக் கையாளப்படுகிறது என்பதை ஒரு சதவீத எண்ணிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

விடைகளில் ‘தெரியாது’ என்பதும் ஒன்று. பெரும்பாலானோர் அந்த வரிசையைக் கழித்துவிட்டுச் சதவீதம் போடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். ‘நமக்கெதற்கு வம்பு’ என்று நினைப்பவர் சொல்லும் விடையும் இதே வார்த்தைதான். அரசைப் பற்றிய கேள்விகளில் மட்டும் அது கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு தனி ஆய்வு.

இனி நான் இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். நேர்காணலின் தொடக்கத்தில், தாங்கள் அரசையோ எந்தக் கட்சியையோ சார்ந்தவர்கள் அல்ல என்று நேர்காணலர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகு, “கடைசியாக ஒன்று: எங்களை இங்கே அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். அரசுதான் அனுப்பியது என்று விடை சொல்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவ்வாறு நினைப்பவர்கள் ஆட்சியாளர்களைப் பற்றிச் சற்று இனிப்பாகவே பேசுகிறார்கள் என்பதை இத்தரவைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேச்சுச் சுதந்திரம் குறைந்த நாடுகளில் இந்தச் சாய்வு இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. தன் அளவுகோல் எங்கே வளைகிறது என்பதை அளக்கத் தானே ஒரு கேள்வியை வைத்திருக்கும் நேர்மை, நம் ஊரில் தேர்தல் மாலையில் தொலைக்காட்சியில் வரிசையாக வந்து விழும் கணிப்புகளில் நான் காணாத ஒன்று. சில சுற்றுகளில், அரசியல் பேசும்போது மக்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. அந்த இரண்டையும் நம்பிக்கைக் கேள்வியோடு குறுக்கே வைத்துப் பார்த்த பிறகே மாணவர்கள் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பது என் வகுப்பின் விதி.

இந்த எண்கள் ஏட்டோடு நிற்பவை அல்ல. 2014-இல் எபோலா பரவியபோது லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடியிருப்பை அரசு படையைக் கொண்டு அடைத்தது. அதற்குச் சில நாள் முன்புதான் அங்கிருந்த நோயாளர் மையம் சூறையாடப்பட்டிருந்தது. அரசை நம்பாதவர்கள் தடுப்பு விதிகளையும் குறைவாகவே பின்பற்றினார்கள் என்று மன்ரோவியாவில் அந்தக் காலத்தில் எடுத்த ஒரு கணிப்பு காட்டியது. லைபீரியாவில் மட்டும் அந்த நோய்க்கு 4,800-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

குறைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, காலம். லைபீரியா இக்கணிப்புக்குள் வந்தது 2008-இல். 2002-இல் போர் முடிந்த அண்டை நாடான சியரா லியோன் வந்தது 2012-இல். அவநம்பிக்கை மிகவும் கொதிநிலையில் இருந்திருக்கக்கூடிய முதல் ஆண்டுகள் இங்கே கிடையாது. ஆகவே ‘போருக்குப் பின் நம்பிக்கை வளர்ந்தது’ என்றோ ‘குறைந்தது’ என்றோ இதை வைத்து எழுதுபவர்கள் உண்மையில் நடுவழியிலிருந்து அளக்கிறார்கள். இரண்டாவது, மாதிரியின் அளவு. 1,200 பேர் என்பது நாடு முழுவதற்கும் மூன்று சதவீதப் புள்ளி அளவு கூடக்குறையச் சரியாக இருக்கும். அதை 15 கவுண்டிகளாக (நம் மாவட்டங்களைப் போன்றவை) பிரித்தால் சிறிய கவுண்டிகளில் ஒன்றிரண்டு வட்டாரங்கள்தான் மிஞ்சும். அந்த எட்டுப் பேரையும் பதினாறு பேரையும் வைத்து வரைபடத்துக்கு வண்ணம் பூசுவது விளையாட்டு.

போருக்குப் பிந்தைய நாட்டில் இது சாதாரணக் குறை அல்ல. நினைவு அங்கே கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடுகிறது. 1990-இல் அதிபர் சாமுவேல் டோவைப் பிடித்துக் கொன்ற படையின் தலைவரான பிரின்ஸ் ஜான்சனை, 2005-இல் நிம்பா கவுண்டி மக்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு அனுப்பினார்கள். 2024-இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். டோவின் படைகளிடம் அடிபட்ட நிம்பாவில் ‘நாடாளுமன்றத்தை நம்புகிறேன்’ என்பதற்கும், டோ பிறந்த கிராண்ட் கெடேவில் அதே வாக்கியத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும் அட்டவணை, எதைக் கூட்டுகிறது என்று எனக்குப் புரிவதில்லை.

மூன்றாவது குறை சேவையினுடையது என்பதைவிட, அதைப் பயன்படுத்தும் நம்முடையது. கட்டுரைகளிலும் செய்திகளிலும் தலைப்பில் ஏறுவது சதவீதம் மட்டுமே. கடைசிக் கேள்வி அங்கே வருவதே இல்லை.

இளநிலை மாணவர்களுக்கு இணையக் கருவியே போதும். ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடலாம். ஆய்வேடு எழுதுபவர்கள் முழுக் கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். செய்தியாளர்கள் தனிக் கவுண்டிகளைப் பற்றி எழுத இதை நாட வேண்டாம். 2023 லைபீரிய அதிபர் தேர்தலில் ஜோசப் போகாய், அப்போதைய அதிபர் ஜார்ஜ் வியாவை 50.64-க்கு 49.36 சதவீதம் என்ற மயிரிழையில் வென்றார், வியாவும் முடிவை உடனே ஏற்றுக்கொண்டார். 2024 மே மாதம் போர்க்குற்ற நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகத்தை உருவாக்கும் ஆணையில் போகாய் கையெழுத்திட்டார். அதன் பிறகு எடுக்கப்படும் சுற்றின் கோப்பைத் திறக்கும்போது, நீதிமன்றத்தின் மீதான நம்பிக்கை எவ்வளவு என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். நேர்காணலரை அனுப்பியது யார் என்று லைபீரியர்கள் நினைத்தார்கள் என்பதே முதலில்.