பணிப்பெட்டித் தொகுப்பு: வாங்கினால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ஆட்டிசம் உள்ள மாணவர்கள் தாமாகவே செய்து முடிக்கும் சிறு வேலைகளைப் பெட்டிகளில் அடுக்கித் தரும் பணிப்பெட்டித் தொகுப்புகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. மூன்று இழுப்பறை, வெல்க்ரோ ஒட்டிய அட்டைகள், வேலைகளின் வரிசையைக் காட்டும் ஒரு அட்டவணைப் பட்டை, சில பயிற்சிப் பொருள்கள். அமெரிக்காவின் வட கரோலைனாவில் எரிக் ஷாப்லர் உருவாக்கி, 1972-இல் மாநிலத் திட்டமாகிய டீச் (TEACCH) என்ற கற்பித்தல் முறைதான் இவற்றுக்கு அடிப்படை. என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது என்று எப்படித் தெரியும், அடுத்து என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் மாணவர் பேச்சின் உதவியின்றிக் கண்ணாலேயே விடை காண வேண்டும் என்கிறது அந்த முறை. தொகுப்பையும் இதை வைத்தே எடைபோட வேண்டும்.

முதல் இரண்டில் குறையில்லை. பட்டையிலுள்ள முக்கோண அட்டையை எடுத்து, முக்கோணம் ஒட்டிய இழுப்பறையில் பொருத்திவிட்டு வேலையை வெளியே எடுக்கிறார் மாணவர். மூன்று அட்டை என்றால் மூன்று வேலை.

பெரும்பாலும் சறுக்குவது மூன்றாவதில். முடித்ததைப் போடத் தனிக் கூடை இருக்காது. பெட்டியை அதே இழுப்பறையில் திருப்பி வைத்தால் அது செய்ய வேண்டிய வேலையாகவே மறுபடி கண்ணில் படும். சிலர் அதையே எடுத்துத் திரும்பச் செய்வார்கள். ஆகவே இடப்பக்கம் இழுப்பறை, நடுவில் மேசை, வலப்பக்கம் பெட்டி முழுதாக அடங்கும் கூடை என்று வையுங்கள். நான்காவது கேள்விக்கு, பட்டையின் கடைசியில் வரும் நட்சத்திரப் படத்தை எடுத்துவிட்டு, அடுத்து உண்மையில் கிடைக்கப்போகும் ஊஞ்சலையோ சிற்றுண்டியையோ புகைப்படம் எடுத்து ஒட்டுங்கள்.

பொருள்கள் உதிரியாக வருவதும் தொல்லை. கிண்ணங்களைத் தட்டில் ஒட்டிவிட வேண்டும். பத்துக் குழி இருந்தால் சரியாகப் பத்து ஆணி. ஒன்று மிஞ்சினாலும் குறைந்தாலும் வேலை முடியாததாகவே அவருக்குத் தோன்றும். பொருள்களை வாயில் போடும் வழக்கம் உள்ளவருக்குச் சிறிய மணிகளும் ஆணிகளும் ஆகவே ஆகாது. அட்டைகளை 125 மைக்ரான் தாளில் லேமினேட் செய்து, சுற்றிலும் 3 மி.மீ. விட்டு வெட்டினால் ஓரம் பிரியாது. டியூப்லைட் வெளிச்சம் பட்டு மின்னாத மேட் தாள் நல்லது.

தொகுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், புதுப் பாடத்தைப் பெட்டிக்குள் வைத்தால் பயனில்லை. ஆசிரியரோடு தனியே உட்கார்ந்து கற்றுத் தேறிய வேலை மட்டுமே இங்கே வரலாம். தடுமாறினால் பின்னால் நின்று கையை மெல்ல வழிநடத்துங்கள், பேசாதீர்கள். பேசிப் பழக்கினால் அவர் பட்டையைப் பார்க்காமல் உங்கள் குரலுக்காகக் காத்திருப்பார்.

சிவப்பு வட்டம் சுருங்கும் 60 நிமிட டைம் டைமரையும் சிலர் சேர்த்து வாங்குகிறார்கள். நல்ல கருவி, ஆனால் அதன் இடம் ஓய்வு நேரம். பணிமேசையில் முடிவைச் சொல்ல வேண்டியது காலியாகும் பட்டைதான். இரண்டும் சேர்ந்தால் எதை நம்புவது என்று குழம்பிப் போவார்.

பதின்ம வயதினருக்கு இழுப்பறையும் பட்டையும் போதும். கரடிப் படம் போட்ட வண்ணம் பிரிக்கும் அட்டைகள் அவர்களுக்கு அவமதிப்பு. பேனாவின் பாகங்களைப் பூட்டுவது, கடித உறையில் தாள் செருகுவது, ஸ்பூன்களைப் பிரித்து அடுக்குவது போன்ற வேலைகளை வையுங்கள்.