ஒரு கம்மல் துளையும் நான்கு கிறிஸ்துமஸும்

கொடைக்கானலில் இருக்கும் தோழி போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆப்பில் போடும் படத்தைச் சின்னக் கத்தியால் வெட்டித் தருமே, என்னிடம் இருக்கும் அதே கட்டிங் மெஷின், நான் வாங்கிய விலையைவிட ஏழாயிரம் ரூபாய் குறைவு. கீழே ஒரே வரி: "ஏண்டி, வாங்கிடட்டுமா?" அவள் கேட்ட நேரத்தில் என் மேஜை மேல் பதினான்கு ஜோடி ரயில் கம்மல்கள் தலைப்பக்கம் கிழிந்து கிடந்தன. "வாங்காதே" என்று பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மூன்று கேள்விக்குறி. அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

மெஷின் எப்படி ஓடும், பொருளை ஒட்டி உள்ளே விடும் 12 அங்குல மேட்டில், அதாவது ஒட்டும் விரிப்பில், எதையெல்லாம் வெட்டலாம் என்பதற்கு வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. அதற்குள் நான் போகவில்லை. 2021 நவம்பரில் வாங்கினேன். கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வைத்து, இந்த டிசம்பரோடு நான்கு கிறிஸ்துமஸுக்கு ரெக்சினில் கம்மல் செய்திருக்கிறேன். ஸ்டார், மணி, சில்வர் ஓக் இலை, மலை ரயில். ஜனவரி பிறந்ததும் கரும்பும் பொங்கல் பானையும். போன வருடம் மட்டும் 210 ஜோடி விற்றேன். அதனால் இந்த மெஷினைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். துளை.

கம்மல் எவ்வளவு அழகாக வந்தாலும் மேலே வளையம் நுழைய ஒரு துளை வேண்டும். 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கம்மல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும், பார்க்கவும் நன்றாக இருக்காது. ஸ்டாரின் ஐந்து முனையையும் ஊசி மாதிரி வெட்டித் தரும் இந்த மெஷின், அந்த 2 மில்லி வட்டத்தை மட்டும் ஒழுங்காக வெட்டாது. வட்டம் வெட்டியது போலவே தெரியும். மேட்டிலிருந்து எடுத்தால் நடுவில் இருக்கும் பொட்டு நாலைந்து நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊசியால் குத்தித் தள்ளினால், துளைக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடம் பிய்ந்துவிடும். அந்த ஜோடி போச்சு.

ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. இந்த மெஷினின் சாதாரணக் கத்திக்கு முனை தண்டின் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கும். நாற்காலிக்கு அடியில் இருக்கும் உருளைச் சக்கரம் இழுக்கிற பக்கம் தானாகத் திரும்புமே, அதைப் போலத்தான் கத்தியும் போகிற பக்கம் திரும்பிக்கொள்கிறது. பெரிய வளைவு என்றால் திரும்ப இடம் கிடைக்கும். 2 மில்லி வட்டத்தில் அது திரும்பிச் சரியாவதற்குள் வட்டமே முடிந்துவிடும். ரெக்சினும் ஒரே பொருள் இல்லை. மேலே பி.யு. அல்லது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பூச்சு, கீழே துணி. பூச்சு அறுந்துவிடும், துணி நூல் அறுபடாமல் இழுபடும்.

இதோடு எங்கள் ஊர் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. கோத்தகிரி, நீலகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில்தான் எங்களுக்கு மழை வலுக்கும். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவிவதும் அந்த மாதங்களில்தான். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்துவிடும். ரெக்சினின் துணி முதுகு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பஞ்சு மாதிரி ஆகிவிடும். பிப்ரவரியில் வெயில் காயும் நாளில், புதுக் கத்தி போட்டு, முக்கால் மில்லி தடிமனுள்ள பி.யு. ரெக்சினை வெட்டினால் பத்துக்கு எட்டுத் துளை சுத்தமாக விழுகிறது. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. ஆனால் பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் கம்மல் யார் வாங்குவார்கள்?

செய்து பார்க்காத வழி இல்லை. அழுத்தத்தைக் கூட்டினேன், மேட்டும் சேர்ந்து வெட்டுப்பட்டது. இரண்டு தடவை, மூன்று தடவை ஓடவிட்டேன். துணிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, ஒரு வட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வட்டம் விழுந்தது. தடித்த பொருளுக்கான 60 டிகிரி கத்தி வாங்கிப் போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ரெக்சினை அடுப்படியில் ஒரு ராத்திரி வைத்துக் காயவைத்து எடுப்பது, துணி முதுகு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டுவது, இந்த இரண்டும் உண்மையிலேயே பலன் தந்தன. டேப் நூலைப் பிடித்துக்கொள்கிறது. உரிக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும்.

மெஷினை விற்றவர்களுக்கு போன் செய்தபோது, நான் பயன்படுத்தும் ரெக்சின் சரியில்லை, அவர்களுடைய ஷீட்டையே வாங்க வேண்டும் என்றார்கள். அவர்களின் ஒரு ஷீட் விலைக்கு எனக்குக் கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கத்தில் ஒரு மீட்டர் ரெக்சின் கிடைக்கும். இருந்தாலும் வாங்கிப் பார்த்தேன். வெட்டு நன்றாக வந்தது, துளை அதே கதைதான். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. மெஷினால் முடியாத காரியத்துக்கு வாங்கியவரின் ரெக்சினைக் குற்றம் சொல்வது சரியில்லை. 2 மில்லி வட்டம் ஒழுங்காக வராது என்று பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் முதல் வருடம் நான் அறுபது ஜோடியை வீணாக்கியிருக்க மாட்டேன்.

வழி சொன்னது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புத் தைக்கும் அண்ணன். மகளின் ஷூவைத் தைக்கக் கொடுக்கப் போனபோது கையில் இருந்த கிழிந்த கம்மலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அறுக்கக் கூடாதும்மா, குத்தணும்" என்றார். ஒரு சின்ன இரும்புக் குழாயை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. நூல் பிசிறு இல்லாமல் வட்டமாக விழுந்தது. கத்தி ஓரிடத்தில் ஆரம்பித்துச் சுற்றி வர வேண்டும், குழாய் எல்லாப் பக்கத்தையும் ஒரே சமயத்தில் அழுத்துகிறது, அதனால் நூலுக்கு நழுவ இடமே இல்லை. பெல்ட்டுக்கு ஓட்டை போடும் பிளையர் வாங்கச் சொன்னதும் அவர்தான். தலையில் ஆறு அளவுக் குழாய் சுற்றும் பிளையர், 350 ரூபாய்.

அதற்குப் பிறகு மெஷினில் துளையை வெட்டுவதை நிறுத்தினேன். பேனாவை மாட்டி, துளை வர வேண்டிய இடத்தில் புள்ளி மட்டும் வைக்கச் சொல்வேன். முதலில் புள்ளி வைத்துவிட்டு அப்புறம் வடிவத்தை வெட்டும். ரெக்சினின் அழகான பக்கம் மேட்டில் படும்படி கவிழ்த்து ஒட்டுவதால் புள்ளி துணிப் பக்கம் விழுகிறது, முன்னால் தெரியாது. புள்ளி மேல் பிளையரை வைத்து அழுத்த வேண்டியதுதான். இடமும் வலமும் முடியிழை அளவுகூட மாறாது. ரெக்சினில் கம்மல் செய்ய நினைக்கிற யாரும் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கவிழ்த்து ஒட்டினால் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட மறக்கக் கூடாது. ரயிலுக்கு இது ரொம்ப முக்கியம், மறந்தால் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். ரயிலில் இன்னொரு தப்பும் செய்தேன். முதல் வருடம் எஞ்சின் முன்னால் போவதுபோல் வெட்டியிருந்தேன். குன்னூரில் வாங்க வந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்தவராம், கம்மலைக் கையில் வைத்துக்கொண்டே, "மேலே ஏறும்போது நம்ம எஞ்சின் இழுக்காதும்மா, பின்னாலிருந்து தள்ளும்" என்றார். அவர் சொன்னது சரி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின் பின்னால் நின்றுதான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இப்போது எல்லா ஜோடியிலும் எஞ்சின் பின்னால்தான். ஊர்க்காரர்கள் அதைக் கவனித்து வாங்குகிறார்கள்.

இந்த வருடம் மணிக்கட்டு வலி வந்துவிட்டது. போன வருடத்து 210 ஜோடிக்கு 420 துளை, எல்லாம் கையால். மெஷினின் ஆப் புதிதாக அப்டேட் ஆகியிருந்ததால், இப்போதாவது வெட்டுமா என்று நம்பிக்கையோடு துளையையும் சேர்த்து ஓடவிட்டேன். அந்தப் பதினான்கு ஜோடி அப்படிப் போனதுதான்.

கோபத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் சொல்வதற்கு நல்லது நிறைய இருக்கிறது.

என் மாமியார் முப்பது வருடமாகக் காதில் எதுவும் போடாமல் இருந்தார். இளம் வயதில் போட்ட கனமான நகையால் காதுத் துளை நீண்டு, அறுந்துவிடும்போல் இருந்தது. தங்கத் தோடு போட்டாலே வலிக்கும். ரெக்சின் ஸ்டார் ஒன்றை வேலைக்கு நடுவில் அவர் காதில் சும்மா மாட்டிவிட்டேன். சாயங்காலம் வரை கழற்றவே இல்லை. "போட்டதே தெரியலையே கண்ணு" என்றார். அந்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று பக்கத்து வீட்டுக்குக் கேக் வாங்கப் போகும்போது கண்ணாடி முன்னால் அவர் நின்ற நேரத்தை நான் மறக்க மாட்டேன். இப்போது என்னிடம் வாங்குபவர்களில் அறுபது வயதைத் தாண்டிய அம்மாக்கள் நிறையப் பேர். கனமே இல்லாத பெரிய கம்மல் அவர்களுக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. இதை மெஷின் வாங்கும்போது நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

கம்மல் மாட்டும் அட்டையையும் இதிலேயே வெட்டுகிறேன். நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருப்பதால் எப்படியும் அட்டைதான் வேண்டும். கடையில் வாங்கியதைவிட அழகாக வருகிறது. கொக்கியை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். முதல் வருடம் இரண்டு பேருக்குக் காது புண்ணாகிவிட்டது. மலிவுக் கொக்கியிலிருந்து பெரும்பாலும் நிக்கல் கசியும், அது பலருக்கு ஒத்துக்கொள்ளாது. இப்போது சர்ஜிக்கல் ஸ்டீல்தான்.

லேசரில் வெட்டினால் துளை சுலபமாக வருமே என்று கோயம்புத்தூரில் ஒருவர் சொன்னார். வேண்டாம். ரெக்சினில் பி.வி.சி. இருந்தால் லேசர் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும். கத்தி மெஷினை நான் விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று வாங்குகிறவர்களிடம் சொல்லியே விற்கிறேன். பி.யு. ரெக்சின் ஈரத்தில் மெதுவாகச் சிதைந்து செதில் செதிலாக உரியும். எங்கள் ஊரில் டப்பாவில் மூடி வைத்த கம்மல் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு பிசுபிசுத்ததை நானே பார்த்தேன். பி.வி.சி. அப்படி உரியாது, ஆனால் டிசம்பர் காலைக் குளிரில் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். பரம்பரையாக வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை இது.

எங்கள் மலைப் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரி டிசைனை ரெக்சினில் போட்டுத் தரச் சொல்லி ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். மெஷினுக்கு அது ஐந்து நிமிட வேலை. நான் செய்வதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக அந்தப் பெண்கள் தைக்கும் வேலை அது, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை நான் வெட்டி ஒட்டி 150 ரூபாய்க்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேண்டுமென்றால் அவர்களிடமே வாங்குங்கள்.

சரி, தோழிக்குப் பதில். வாங்காதே. விலை ஏழாயிரம் குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் வருடத்துக்கு நாலைந்து மேட், ஏழெட்டுக் கத்தி போகும், அவற்றின் விலை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கொடைக்கானல் பனிமூட்டம் எங்கள் ஊருக்குச் சளைத்தது இல்லை. கம்மல் செய்ய வாங்கி, கம்மலுக்கு வேண்டிய முதல் துளையைச் செருப்புத் தைக்கும் பிளையரால் போட வேண்டியிருக்கும் என்றால், அந்தப் பணத்துக்கு நீ கோபப்படத்தான் செய்வாய். நான் நான்கு வருடமாகக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை அவளிடம் போனில் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "அப்ப உன் மெஷினைப் பாதி விலைக்கு எனக்குக் கொடுத்துடேன், உனக்கும் நிம்மதி" என்றாள். தரமாட்டேன் என்றேன். கரும்புக் கம்மல் நாற்பது ஜோடிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ரெக்சினை இப்போதே அடுப்படியில் காயவைத்துவிட்டேன், காலையில் வெட்ட வேண்டும்.