பாத்ரூம் சிலிக்கானை மீன் தொட்டிக்கென்று விற்றுவிட்டார்கள்: சேலத்து நண்பர்கள் கவனிக்கவும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் சென்ற மாதம் எனக்கு நேர்ந்ததை, சொந்தமாக மீன் தொட்டி ஒட்ட நினைக்கும் எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி ஒட்டப் போகிறேன், கண்ணாடிகளை ஒட்ட மீனுக்குத் தீங்கு செய்யாத சிலிக்கான் பசை வேண்டும் என்று தெளிவாகவே கேட்டேன். "தொட்டிக்கு எல்லாரும் இதைத்தாங்க வாங்கறாங்க" என்று கடைக்காரர் இரண்டு டியூப்களை எடுத்துக் கொடுத்தார். நுனியை வெட்டியதும் வினிகர் வாடை வந்தது. கண்ணாடியை உறுதியாகப் பிடிக்கும் அசிடாக்ஸி வகைக்கு அதுதான் அடையாளம் என்பதால் நானும் நம்பிவிட்டேன். நாளொன்றுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும் என்று முழுதாக ஒரு வாரம் காயவிட்டு, இரண்டு முறை தண்ணீர் நிரப்பி வடித்து, பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரையே மாற்றிப் பொருத்திய பிறகுதான் எட்டு மோலி மீன்களை விட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஆறு செத்து மிதந்தன. அவற்றோடு சேர்த்து வாங்கிப் பழைய தொட்டியில் விட்ட நான்கு மோலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காலி டியூபில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை உரித்துப் பார்த்தேன். 'சானிட்டரி', 'ஆன்ட்டி ஃபங்கல்' என்ற சொற்கள் அதன் அடியில் மறைந்திருந்தன. குளியலறை ஓரங்களில் பூஞ்சை பிடிக்காதிருக்க இவ்வகையில் கலக்கும் நச்சு மருந்து தண்ணீரில் மெல்லக் கசியும். மீனுக்கு அது எமன். இவற்றிலும் பல அசிடாக்ஸி வகையே, அவையும் வினிகர் வாடையே அடிக்கும் என்பதால், வாடையை மட்டும் நம்பி யாரும் வாங்க வேண்டாம். அக்வேரியத்துக்கு ஏற்றது என்று டியூபிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று, சீட்டு ஒட்டியிருந்தால் அதை உரித்தாவது, கடையில் நின்றே படியுங்கள். காலாவதி தேதியையும் பாருங்கள்; நாள் கடந்த சிலிக்கான் சரியாக இறுகாது.

நியாயம் கேட்கப் போனதற்கு, பிரித்த டியூபைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். பணத்தைவிட, மீன் வளர்க்கத்தான் கேட்கிறேன் என்று தெரிந்தே கொடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

இறுகிய பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது. ஆகவே ஐந்து கண்ணாடிகளையும் பிரித்து, பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பிழைத்த இரண்டு மோலிகளும் பழைய தொட்டியில் இரை எடுக்கத் தொடங்கியிருக்கின்றன.